பேசாத ஏ

கான்சஸ். தேவாலயத்தின் நிலவறையில் ஹீட்டர் உறுமுகிறது.
வாரமெல்லாம் கோதுமை லாரி ஓட்டுகிறவன்
ஞாயிறுகளில் உயிரெழுத்துகளுக்கு ஜோடி சேர்க்கிறேன்.

'போட்' என்றால் ஓவும் ஏயும் கைகோத்து வரும்.
ஓ பேசும். ஏ வாய் திறவாது.
பேதுருவின் படகுக்கு ஆர்லிஸ் ஊதா அடித்தாள்.
'ஸீ' என்றால் ஈயும் ஏயும்,
ஈ மட்டும் பேசும்; கடல் வந்துவிடும்.

அப்புறம் 'பிரெட்'.
அதே ஈ, அதே ஏ.
"பிரீட்" என்றாள், சொல்லிக்கொடுத்தபடி.
இல்லையென்றேன்.
ஏனென்றாள்.
எனக்குத் தெரியாது.

சுவர்ப்படத்தில் எம்மாவுக்கு நடக்கும் இருவர்,
கூடவே யாரென்று தெரியாத ஒருவர்.
"அப்பத்தைப் பிட்டப்பதானே தெரிஞ்சுது?"
என்றபடி
தன் மீன் பிஸ்கட்டை இரண்டாக்கி
எனக்கு வால் பக்கம் தந்தாள்.

துணுக்கு விழுந்தது
ஏயின் மேல்.
தட்டிவிடவில்லை.