கோடரி உடைப்பான்

கெப்ராச்சோ என்று இந்த மரத்துக்குப் பேர்.
கோடரி உடைப்பான் என்று பொருள்.
அதன் வயிரத்தை அரைத்த தூள்
என் தராசில் செங்கல் பொடியாய்க் கிடக்கிறது.
வெளியே சாக்கோவின் ஜனவரி.
அசிட்டோன் புட்டியைத் திறந்தால்
மூடுவதற்குள் பாதி போய்விடும் என்கிறான் எபெர்.
மிகைதான். ஆனாலும் சீக்கிரம் மூடுகிறேன்.

இத்தாலியத் தோல் ஆலையிலிருந்து கடிதம்:
அனுப்பிய சரக்கில் டானின் முப்பத்தொன்றே சதவீதம்.
மீதி என்ன, மண்ணா?
மேலாளர் பெரால்தா தாளை வைத்துவிட்டு நிற்கிறார்.
மின்விசிறி மட்டும் பேசுகிறது.

ஏழு பங்கு அசிட்டோன், மூன்று பங்கு தண்ணீர்.
ஊறியதை வடிகட்டிச் சுழல்குடுவையில் மாட்டினால்
முதலில் விடைபெறுவது அசிட்டோன்,
விருந்தாளிகளில் அதுதான் நாகரிகமானது.
ஹெக்சேன் ஊற்றிக் குலுக்க
மெழுகும் பிசினும் மேலேறி ஒதுங்கும்.
எத்தில் அசிடேட்
சில்லறை ஃபீனால்களைக் கூட்டிக்கொண்டு போகும்.
போகாமல் தங்கியதை
ஜெல் நிரப்பிய கண்ணாடிக் குழாயில் ஏற்றினேன்.

நீர் கலந்த மெத்தனால் சொட்டியது.
சர்க்கரை உடனே இறங்கி வந்தது;
அதற்கு எந்த வாசலும் வாசல்தான்.
டானின் வரவில்லை.
ஜெல்லைப் பற்றிய செம்பழுப்பு வளையமாய்
பகல் முழுக்க அங்கேயே இருந்தது.
எபெர் சாப்பிட்டுவிட்டு வந்தான், பார்த்தான், போனான்.
மாலையில் மீண்டும் அசிட்டோன் ஊற்றினேன்.
பழைய பகையாளி பேர் சொல்லிக் கூப்பிட்டதுபோல்
மெல்ல இறங்கியது.

குளிரில் உலர்த்திய பஞ்சு,
மூச்சு பட்டாலே பறக்கும்.
நாக்கில் வைத்தால் வாய் சுருங்கிவிடும்; வைக்கவில்லை.
பியூட்டனாலில் அமிலம் சேர்த்து ஐம்பது நிமிடம் காய்ச்சினேன்.
அவர்கள் அளவுகோலாய்க் கொண்ட வேறொரு பட்டையின் டானின்
செம்பருத்தியாய்ச் சிவந்தது.
என்னுடையது,
இதைவிடத் தூயது இந்த மாகாணத்திலேயே இல்லை,
வெளிர் ரோஜாவோடு நின்றுவிட்டது.
நூற்றுக்கு நாற்பத்திரண்டு.

கணக்கு தப்பா என்று மூன்று முறை பார்த்தேன்.
பிறகு சிரித்துவிட்டேன்.
உடைந்தால்தான் நிறம் காட்டும் சோதனை இது;
இது உடையவில்லை.
அமிலமும் ஒரு கோடரிதானே.

அவர்கள் சாணால் அளந்தார்கள்.
இதற்குத் தன் சாண் உண்டு.
முப்பத்தொன்றை நாற்பத்திரண்டால் வகுத்தேன்,
எழுபத்து மூன்று சொச்சம்.

பெரால்தா தோளுக்குப் பின்னால் வந்து சொன்னார்:
விளக்கமெல்லாம் வேண்டாம், எழுபத்து மூன்று என்று போடு, போதும்.

மூன்று பக்கம் எழுதினேன்.
சொச்சத்தையும் எழுதினேன்.