ஓட்டை

வார்டோ துறைமுகத்துத் தொழிற்சாலையில்
பன்னிரண்டு குளிர்காலம்
ராஜநண்டின் கால்களை முறித்தேன்.
மணிக்கட்டில் ஒரு திருகு, ஒரு சத்தம்,
அடுத்தது.

வேகவைக்கும் தொட்டியிலிருந்து எழுந்த ஆவி
நெஞ்சுக்குள் போய்க் குடியேறியது.
மூன்றாம் ஆண்டில் இரைப்பு.
படி ஏறினால் விசில் அடிப்பேன்,
ராசா சொல்வாள்: கப்பல் வருகிறது, வழி விடுங்கள்.

பிரெட்னிசோலோன்.
காலையில் எட்டு, பிறகு ஆறு, நான்கு,
ஒரு சளி பிடித்தால் மறுபடி எட்டு.
மூச்சைத் திருப்பித் தந்தது, பொய் சொல்ல மாட்டேன்.
ஈடாக எதை எடுத்துக்கொள்கிறது என்று
நானும் கேட்கவில்லை.

பிப்ரவரியில் இருமினேன். அவ்வளவுதான்.
விலாவில் அந்தச் சத்தம்.
எனக்கா தெரியாது அந்தச் சத்தம்?

கிர்க்கெனெஸில் படுக்கவைத்துப் படமெடுத்தார்கள்.
மைனஸ் மூன்று புள்ளி ஒன்று என்றார் டாக்டர் ஹெட்டா.
இன்று குளிர் குறைவுதான் என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
முதுகில் இரண்டு எலும்புகள் நசுங்கியிருக்கின்றன, சோல்ஃப்ரிட்,
உங்களுக்குத் தெரியவே இல்லையா?
மழைக்கோட்டு நீண்டுவிட்டது என்றுதான்
நினைத்திருந்தேன்.

ஐம்பத்து மூன்று. வயது மட்டும் காரணமில்லையாம்.
மாத்திரை, அடங்காத இரைப்பு,
இரண்டு மாதம் சூரியனே எழாத ஊர்,
எல்லாம் சேர்ந்து அரித்திருக்கின்றன.
மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்,
அது வேறு ஆபத்து,
படிப்படியாக இறக்குவோம் என்றார்.

நண்டின் ஓட்டை உடைத்தவளுக்குள்
ஓட்டை.
படத்தில் காட்டினார், வலை போல இருந்தது,
மீன் தங்காத வலை.

முதலில் பல் மருத்துவர்.
பிறகு ஆண்டுக்கு ஒருமுறை கைநரம்பில் ஏறும் மருந்து.
மறுநாள் காய்ச்சல், உடம்பெல்லாம் அடித்துப்போட்டது போல்;
அதற்கடுத்த நாள் எழுந்து காபி போட்டேன்.
வாசலில் செருப்புக்கு இரும்பு முட்கள்.
கம்பளத்தைச் சுருட்டி அலமாரியில் வைத்தாயிற்று.
வாளியைத் தூக்குவது அர்ன்ஃபின்;
அதற்காக முணுமுணுப்பதும் அவர்தான்.

வளரும் நண்டு பழைய ஓட்டைக் கழற்றிவிட்டு
புதியது இறுகும்வரை
கல்லிடுக்கில் ஒளிந்திருக்கும்.
எனக்கு அந்த வசதி இல்லை.
புதன்கிழமை பள்ளிக்கூட அரங்கில் பயிற்சி,
இரண்டு கிலோ எடை, பத்து முறை.

ராசா நேற்று நண்டுக்கால் கொண்டுவந்தாள்.
உடைத்துத் தரவா என்று கேட்டாள்.
கொடு இங்கே என்றேன்.

காபி கொதிக்கும்வரை
ஒற்றைக் காலில் நிற்கிறேன்.
சன்னலில் காற்று மோதுகிறது.
இருபத்தொன்று.
இருபத்திரண்டு.