இடைநீக்கம்

மூன்றாம் ஜன்னலில் நான் உட்கார்ந்து
பதினொரு வருஷம் ஆகிறது.
கண்ணாடியின் அடியில் கை நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை.
பணம் உள்ளே வரும், ரசீது வெளியே போகும்.
குரல் மட்டும் இரண்டு பக்கமும்
கரகரத்தபடி போய்வரும்.

இன்று வெர்னா ஸ்டிடம் வந்தாள்.
ஈரக் கோட்டு.
கோழிக்கறி ஆலையின் ரப்பர் பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை.
அவள் கோப்பை எடுத்தேன். கனத்தது.

அந்தக் கோப்பின் அடியில் ஒரு பல்பு இருக்கிறது.
இடது பின்விளக்கின் பல்பு.
கடையில் நாலு டாலர்.
அது எரியாததற்கு நூற்றுப் பதினைந்து.
வாய்தா அன்று ஷிஃப்ட்டை மாற்றித் தர
சூப்பர்வைசருக்கு மனம் வரவில்லை.
வராததற்கு ஒரு தாள்.
அந்தத் தாளுக்காக உரிமம் போயிற்று.
போன செய்தி
அவள் காலி செய்த வீட்டுக்குப் போய்
யாரோ ஒருவரின் அடுப்பில் எரிந்திருக்கும்.

தெரியாமல் ஓட்டியது முதல் தடவை.
தெரிந்தே ஓட்டியது இரண்டாம் தடவை.
சட்டத்துக்கு இரண்டும் வேறு வேறு.
வண்டியை இழுத்துப்போன லாரிக்கு ஒன்றுதான்.
நாளுக்கு முப்பத்தைந்து வாடகை வாங்கிக்கொண்டு
முள்கம்பிக்குப் பின்னால் நின்றது அவள் கார்,
அவள் பத்து நாள் உள்ளே இருந்தபோது.

தாளில் அந்த வார்த்தையை அடிப்பவள் நான்.
இடைநீக்கம்.
எத்தனையோ முறை அடித்திருக்கிறேன்,
இன்றுதான் நின்று படித்தேன்.
வீடு அப்படியே இருக்கிறது.
ஆலையும் இருக்கிறது.
இடையில் உள்ள பதினெட்டு மைலை மட்டும்
நீக்கிவிட்டோம்.

இந்த ஓசார்க் மலைச்சரிவில்
பஸ் என்றால் மஞ்சள் நிறம்,
பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும்.

நீதிபதி ப்ரூயிட் நல்ல மனிதர்.
மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:
'இன்னொரு முறை பிடிபட்டால் ஆறு மாதம், அம்மா.'
பிறகு ஜன்னலைப் பார்த்து,
'பனி பெய்கிறது, பத்திரமாகப் போங்கள்' என்றார்.
எதில் என்று சொல்லவில்லை.
அவளும் கேட்கவில்லை.

நாற்பது டாலர் கட்டினாள்.
கசங்கிய ஐந்துகள், ஒரு பத்து.
நோட்டுகளில் குளோரின் வாசனை.
மீதி எண்ணூற்றுப் பன்னிரண்டு என்று
ரசீதில் தானாகவே அச்சாகியது.
அந்த எண்ணை நான் கையால் மறைத்துக் கொடுத்தேன்.
எதற்கென்று தெரியவில்லை.
வாங்கியவுடன் அதைத்தான் பார்த்தாள்.

ஆவண அறையிலிருந்து பார்த்தால்
தீவனக் கடையின் பின்புறம் தெரியும்.
எங்கள் வாசலில் நிறுத்தப் பயந்தவர்களின் வண்டிகள்
அங்கேதான் நிற்கும்.
எனக்குத் தெரியும்.
டெபுடி லைல் ஹாகின்ஸுக்கும் தெரியும்.
அவன் ஜீப் மூலையில் புகைந்துகொண்டிருந்தது,
கையில் காபி, அவசரமே இல்லை.

என் சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.
கோட்டை மறந்துவிட்டேன்.

'ஏறு, நான் கொண்டுபோய் விடுகிறேன்.'
வெர்னா என்னைப் பார்த்தாள்,
கண்ணாடிக்கு வெளியே எனக்கு
கால்களும் உண்டு என்பதைப் போல.
'இன்றைக்குச் சரி.
நாளைக்கு ராத்திரி பத்து மணிக்கு?'

எனக்கு நாளை பத்து மணிக்குத் தூக்கம்.
அதைச் சொல்ல வாய் வரவில்லை.

அவள் சிரிக்கவுமில்லை, கோபிக்கவுமில்லை.
கையால் பனியை வழித்தாள்.
'ஓர் உதவி செய்.
பின்னால் போய் நின்று பார்.
பிரேக்கை மிதிக்கிறேன்,
எரிகிறதா என்று மட்டும் சொல்.'

போய் நின்றேன்.
பனி என் பாவாடை ஓரம்வரை சிவந்தது.

தெரிந்தே துணைபோனவர்களுக்கு
ஒரு பிரிவு இருக்கிறது.
எண்கூட எனக்கு மனப்பாடம்.

'இரண்டும் எரிகிறது' என்றேன்,
லைலுக்குக் கேட்காத குரலில்.