மூன்றாவது சிலிண்டர்

ஒட்டுசுட்டானில் தண்ணீர்ப் பம் திருத்துகிற எனக்கு
ஞாயிறு ஒன்றுதான் கை கழுவுகிற நாள்.
அதையும் தம்பி தவநேசன் கெடுத்தான்:
வவுனியாவில் பழைய சண்டைப் பிளேன்கள் காட்டுகிறார்களாம்,
செத்தவை இல்லையாம், இப்பவும் பறக்கக்கூடியவை,
பெரியாளுக்கு நூறு, சின்னாளுக்கு ஐம்பது.

அவன் மகள் அபிசனாவுக்கு ஐஸ்பழம் வாங்கிக்கொண்டு
கொட்டகைக்குள் போனோம்.
என் குசினியைவிடத் துப்புரவான நிலம்.
ஒரு சொட்டு ஒயில் இல்லை.
அந்த வயதில் ஓர் எஞ்சின் ஒயில் சிந்தாமல் நிற்பதென்றால்
யாரோ அதன் பக்கத்தில் படுத்து எழும்பியிருக்க வேண்டும்.

பலகையில் நீளமாய் ஓர் இத்தாலியப் பேர்.
நாங்கள் சியாமாச்செட்டி என்றோம்.
கடன் கேட்க வருகிற செட்டியார் மாதிரி
பல் விளக்க முன்னம் வந்துவிடும்.
ஒன்றும் இல்லை என்றாலும் போகாது.

இவ்வளவு சின்னதா?
எங்கள் வளவை மூடுகிற அகலம் என்றல்லவா
இத்தனை காலம் நினைத்திருந்தேன்.
எனக்குத் தெரிந்தது அதன் அடிவயிறு மட்டும்.
முதுகை இன்றைக்குத்தான் பார்க்கிறேன்.
முதுகில் ஒரு நீலக் கோடு.
கண்ணாடிக்குள் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு இருக்கை,
கலியாணக் காரில் போல.
தையல் விட்ட இடத்தில் புது நூல்.
செட்டையில் சிவப்பு எழுத்து, மூன்று மொழியிலும்:
இங்கே மிதிக்காதீர்.

திருத்தியவர் பியதிஸ்ஸ, ஓய்வுபெற்ற சார்ஜன்ட்.
நகக்கண்ணில் கறுப்பு.
என் நகக்கண்ணிலும் அதே கறுப்பு,
அதைக் கண்டுதான் கதைக்க வந்தார் போல.
கொஞ்சம் தமிழில், மிச்சம் கையால்:
பதினொரு வருசம்.
ஒரு வால்வுக்காக மூன்று நாட்டுக்குக் கடிதம்.
இப்ப ஸ்ரார்ட் பண்ணுறது, தள்ளி நில்லுங்கோ.

பிறகு சத்தம்.

அபிசனா கை தட்டினாள்.
தவநேசன் புல்லில் குப்புறக் கிடந்தான்.
ஐஸ்பழக்காரர் தன் சைக்கிளுக்குக் கீழே.
சனம் சிரித்தது.
சிரித்த சனத்திலும் நாலைந்து பேர்
செருப்பு வாரைச் சரிசெய்கிறவர்கள் மாதிரிக்
குனிந்துதான் சிரித்தார்கள்.

நான் நின்றேன்.
தலையைச் சரித்து,
வாடிக்கையாளர் கொண்டுவந்த பம்மைக் கேட்கிற மாதிரி.

அது இப்படி இல்லை.
பதிய முன்னம் ஒரு விக்கல் இருக்கும்,
ஒரே ஒரு விக்கல்,
தண்ணீர் இல்லாமல் சோறு விழுங்கினவனுக்கு வருமே, அது.
விக்கலுக்கும் முதல் குண்டுக்கும் இடையில்
நாலு படி இறங்கலாம்.
எங்கள் பங்கருக்கு ஐந்து படி.
தேவமலர் எப்பவும் கடைசியாகத்தான் இறங்குவாள்.

எஞ்சின் நின்றது.
பியதிஸ்ஸ என் முகத்தைப் பார்த்தார்,
மெக்கானிக்கை மெக்கானிக் பார்க்கிற பார்வை.
எப்பிடி?

நல்லாயிருக்கு என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம்.

மூன்றாவது சிலிண்டர் என்றேன்.
ஒரு துளி பிந்தி எரிய வேணும்.
நீங்கள் அதைத் திருத்திப்போட்டீங்கள்.
பழுதோடதான் அது பறந்தது.

மனுசன் மலர்ந்துபோனார்.
அதன் பழைய சத்தம் பதிந்த ஒரு நாடாவுக்கு
அவர் ஏறாத படி இல்லையாம், கிடைக்கவில்லையாம்.
சட்டைப் பையில் இருந்து கொப்பி, பேனை.
எந்த வருசம் கேட்டீங்கள், அக்கா? எங்க நிண்டு?

கேட்ட பிறகுதான்
தான் கேட்டது அவருக்குக் கேட்டிருக்க வேண்டும்.
பேனை மூடியைத் தேடினார்.
அது அவர் கையிலேயே இருந்தது.

வாசலில் வருகைப் புத்தகம்: பேர், ஊர், தொழில், கருத்து.
தொழில் வரைக்கும் எழுதினேன்.
கருத்து என்ற கட்டத்துக்குள்
அபிசனா ஒரு பிளேன் கீறினாள்,
மேலே இருந்து பார்க்கிற மாதிரி,
இரண்டு இருக்கையும் தெரிய.
எனக்கு அப்படிக் கீற வராது.

மாங்குளம் பஸ்ஸில் யன்னல் பக்கம் தவநேசன்.
சட்டை முன்பக்கம் முழுக்கப் பச்சை.
ஓமந்தை தாண்டும்வரை வாய் திறக்கவில்லை.
பிறகு, பிள்ளை நித்திரையா என்று பார்த்துவிட்டு,
மெதுவாக:
அக்கா, நீ ஏன் விழேல்லை?

சத்தம் பிழையடா, என்றேன்.