எண் நிற்கும் வரை

மூன்று குப்பிகள்.
நான்கு சிவப்பு, ஏழு மஞ்சள், பத்து நீலம்.
காலை ஆறரைக்கு
அரூர் வாடகை அறையின் சமையல் மேடையில்
கருவியைப் பாடம் ஒப்பிக்கச் சொல்கிறேன்.
மஞ்சளில் முக்கினால்
6.81 என்கிறது.
திருத்துகிறேன்.
அப்படியென்றால் நேற்று முழுக்க
அது கொஞ்சம் பொய் சொல்லியிருக்கிறது.
நானும் கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

எக்ஸெல் வண்டியின் முன்னால் பெட்டி,
பின்னால் கேனில் காய்ச்சி வடித்த நீர்.
தீர்த்தமலை இடப்பக்கம் கூடவே வருகிறது.
ஊருக்குள் நுழைந்ததும் பிள்ளைகள்,
"கரண்டு மீட்டரா?"
இல்லை, தண்ணி மீட்டர்.
"தண்ணிக்கும் பில்லு போடறாங்கடியோய்!"
ஒருத்தி ஓடிப்போய் மோட்டாரையே அணைத்துவிட்டாள்.
அவளைச் சமாதானம் செய்து
மறுபடி போடவைக்கப் பத்து நிமிடம்.

முதலில் கொஞ்சம் ஓட விட வேண்டும்.
குழாயில் கிடந்தது வேறு, பாறைக்குள் இருப்பது வேறு.
குவளையை அதே நீரில் மூன்று முறை அலசி
கம்பியை இறக்கி
மெல்ல ஒரு சுற்று சுற்றிக்
கையை எடுத்துவிட வேண்டும்.
எண்கள் ஓடும்.
1790, 1841, 1822,
மொட்டைமாடிக்கு யாரோ
ஏறி ஏறி இறங்குவது போல.
திரையின் மூலையில் ஒரு புள்ளி மினுக்கும்.
அது நிற்கும் வரை யாரும் பேசுவதில்லை.
சாமி வந்தவர் வாய் திறக்கும் முன்
இருக்குமே, அந்த அமைதி.

1828.
"நல்ல தண்ணியா, கெட்ட தண்ணியா?"
படிவத்தில் அந்தக் கட்டம் இல்லை.
சூடு 29.6 என்கிறேன். பி.எச். 8.1 என்கிறேன்.
அவர்களுக்குத் தெரியாததா?
ரெண்டு மணி நேரம் கொதித்தும்
துவரம்பருப்பு முழித்துக்கொண்டு கிடப்பது,
சோப்பு நுரைக்காமல் திரிந்துபோவது,
டீக்கடைக்காரர் பாய்லரின் அடியில்
உளி வைத்துச் சுண்ணாம்பு பெயர்ப்பது.
எண் மட்டும்தான் புதிது.

எட்டாவது போர், தீர்த்தகிரி வீடு.
மலையின் சுனையைப் பெயரில் வைத்திருப்பவர்
கேன் தண்ணீர் கொடுத்தார்.
நாற்காலியைத் துண்டால் தட்டிப் போட்டார்.
அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.
"கொஞ்சம் கொறச்சு எழுதும்மா.
வியாழக்கெழம பையனப் பாக்க வராங்க.
மொரப்பூர்க்காரரு. மொதக் கேள்வியே
தண்ணி எப்படின்னுதானாம்.
போன வருசம் ஒரு எடம் அதுலயே தட்டிப்போச்சு."

2610.
பையன் முனிரத்தினம்
ஸ்டார்ட்டர் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.
திரையைப் பார்க்கவில்லை,
என் பேனாவைப் பார்த்தான்.
ஒரே ஓர் இலக்கம்.
இரண்டுக்குப் பதில் ஒன்று.
பதினெட்டு கிலோமீட்டர் வந்து
யார் சரிபார்க்கப் போகிறார்கள்?
நினைக்கவில்லை என்று சொல்லமாட்டேன்.

எழுதினேன். 2610.
பெரியவர் முகம் இறங்கியது.
"அந்தக் கேன் தண்ணியில முக்கு பாப்போம்" என்றார்.
முக்கினேன். 84.
"இதையும் எழுது. இதத்தான குடிக்கப்போவுது அந்தப் பொண்ணு."
முனிரத்தினம் அப்போதுதான் வாய் திறந்தான்.
"உள்ளதச் சொல்லிருவம்பா.
இல்லன்னா வந்தப்பறம்
பருப்பு வேகலன்னு
தெனமும் என்னத்தான் திட்டும்."
அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
அடக்கத்தான் பார்த்தார்.

இரவு, கம்பிகளைக் கழுவுகிறேன்.
வடித்த நீரில் 2 காட்டுகிறது.
இன்று தொட்டதிலேயே சுத்தமானது இதுதான்.
ஆனால் பி.எச். கம்பியை இதில் ஊறப்போட்டால்
கெட்டுப்போகும்.
அதன் மூடிக்குள் எப்போதும்
கெட்டியான உப்புநீர் இருக்க வேண்டும்.
காயவும் விடக்கூடாது.
ஏனென்று முதல் நாளே விளக்கினார்கள்,
நான் பாதிதான் கேட்டேன்.

மூன்று சொட்டு விட்டு மூடுகிறேன்.
வியாழனுக்கு இன்னும் மூன்று நாள்.
இந்த அறையின் குழாயை மட்டும்
ஒன்பது மாதமாக நான் அளந்ததில்லை.
முதுகுக்குப் பின்னால் குக்கர்
ஆறாவது விசில் அடிக்கிறது.
ஏழுக்குக் காத்திருக்கிறேன்.