காற்று இருபதைத் தொட்டபோது

ஜூலை. சாஹ்னன்டோர் மேட்டில் மைனஸ் பதினான்கு.
இரண்டாயிரம் மீட்டர் கீழே,
ஹீட்டர் முனகும் கட்டுப்பாட்டு அறையில்
எர்மினியா கோல்கே
கடித்த ரொட்டியைக் கீபோர்டு மேலேயே வைத்துவிட்டாள்
(வைக்கக் கூடாதுதான்).

கோடு நிமிர்கிறது.
சாயங்காலத்திலிருந்து இரண்டரையில் சோம்பிக் கிடந்த கோடு.
இரண்டு புள்ளி ஒன்பது.
மூன்று புள்ளி நான்கு.

துளைக்கு ஒளிரத் தெரியாது.
அதைச் சுற்றும் வட்டில்
எங்கோ ஒரு காந்த முடிச்சு அறுந்து
கொதிக்கும் வாயு ஒரு திட்டு
தலைதெறிக்க ஓடுகிறது.
புதன் எண்பத்தெட்டு நாள் நடக்கும் அகலத்தை
எழுபது நிமிடத்தில்.

பக்கத்துத் திரையில் காற்று.
நொடிக்குப் பதினாறு மீட்டர். பதினெட்டு.
இருபது என்றால்
அறுபத்தாறு கிண்ணங்களும் முகம் திருப்பிக்கொள்ள வேண்டும்.
விதி.

போனில் டீட்லிண்ட். ஜெர்மனியில் காலை ஆறே முக்கால்,
அவளுக்குப் பின்னால் கெட்டில் சீறுகிறது.
"பத்து நிமிடம், எர்மினியா. பத்தே பத்து."

இருபத்தாறாயிரம் வருஷம் வழியில் எங்கும் நிற்காமல் வந்ததற்கு
பத்து நிமிடம் கேட்பது
அதிகமில்லை.
ஆனால் போன ஆகஸ்டில் மேட்டில்
காற்று அறைந்த வண்டிக்கதவு
நிபால்தோவின் மணிக்கட்டில் எழுப்பிய சத்தம்
எர்மினியாவின் காதில் இருக்கிறது.
சுள்ளி ஒடிகிற மாதிரி, அவ்வளவு சின்னதாக.

பத்தொன்பது புள்ளி ஆறு.
நான்கு புள்ளி ஒன்று.
இரண்டு எண்களும் ஒன்றையொன்று பார்க்கவில்லை.

இருபது.
அழுத்தினாள்.

கோடு ஏறிக்கொண்டிருந்தபோதே நின்றது.
அதற்கப்புறம் வெள்ளை.

வெளிச்சம் மட்டும் நிற்கவில்லை.
திரும்பிக்கொண்ட கிண்ணங்களின் முதுகில்,
தூங்கும் சமையல்காரரின் தகரக் கூரையில்,
பள்ளத்தில் ஒடுங்கிய விகுன்யாக்களின் ரோமத்தில்
விழுந்தது, விழுந்தது.
யாரும் எண்ணவில்லை.

டீட்லிண்ட் கொஞ்ச நேரம் பேசவில்லை.
கெட்டிலை அணைத்துவிட்டாள் போல.
பிறகு, "சாப்பிட்டாயா?"

பதிவேட்டில் காரணம் என்ற கட்டத்தில்: காற்று.
ஒளிர்வு முடிந்த நேரம் என்ற கட்டத்தில்
ஒரு சிறு கோடு போட்டாள். பிறகு அதை அடித்து,
தெரியாது என்று எழுதினாள்.

மூன்று மணிக்குக் காற்று பன்னிரண்டுக்கு இறங்கியது.
கிண்ணங்கள் மறுபடி நிமிர்ந்தன.
இரண்டரை.
எப்போதும்போல இரண்டரை.
ரொட்டி விறைத்திருந்தது,
தின்றாள்.