ஏழாவது தண்டு

நிறம் தேர்ந்தெடுத்தது நான்தான்.
கோப்பில் ‘பயனற்ற புதர்க்காடு’ என்றிருந்த இடத்துக்கு
வெளிர் ஊதா.
எங்கள் திட்ட அலுவலகத்தில் ஊதா என்றால் எண்ணெய்ப் பனை.
கபுவாஸ் ஆற்றோரம் பதினான்காயிரம் ஹெக்டேர்
ஒரே சொடுக்கில் மாறியது.
மதிய உணவுக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது.

பிறகு எல்லையைச் சரிபார்க்க அனுப்பினார்கள்.
டேஹென் படகு ஓட்டினான். துளைகருவியும் அவனுடையதே:
மீட்டர் மீட்டராகப் பூட்டிக்கொள்ளும் இரும்புத் தண்டுகள்.
முதல் தண்டு
விலாங்கு நழுவுவதுபோல் உள்ளே போனது.
இரண்டு.
மூன்று.
நான்காவதை அவன் திருகும்போது சிகரெட்டை எடுத்தேன்.
வேண்டாம் என்றான்,
இங்கே முதலில் தரைதான் பற்றும்.

ஏழாவதின் பாதியில் களிமண் தட்டியது.
மேலே வந்ததை மண் என்று எழுதக் கை வரவில்லை.
ஊறிய இருட்டு. அதற்குள் ஓர் இலை,
ஒரு நரம்பும் கலையாமல், செம்பழுப்பாய்.
இது உதிர்ந்தபோது
இந்த ஆற்றுக்கு யாராவது பெயர் வைத்திருந்தார்களா?
பார்த்துக்கொண்டிருக்கும்போதே
காற்றுப் பட்டுக் கறுத்துவிட்டது.
மட்குவதற்கும் மூச்சு வேண்டும்போல.
அத்தனை ஆயிரம் வருடம்
தண்ணீர் அதன் வாயைப் பொத்தியிருக்கிறது.

திரும்பும் வழியில் தும்பாங் ருஹுங்.
முன்பொரு திட்டத்தில்
நேர்கோடாய் வெட்டிய வாய்க்கால் அங்கே ஓடுகிறது,
யாரோ என்னைப்போல் ஒருவர்
அளவுகோல் வைத்து இழுத்த கோடு.
யூலித்தாவின் வீட்டுக்கு அப்போது மூன்று படிகள்.
இப்போது ஒன்பது.
வீடு உயரவில்லை.
உலின் தூண்கள் களிமண்ணில் ஊன்றி நிற்கின்றன,
தரைதான் கிளம்பிப் போய்விட்டது.
எங்கே என்று கேட்டேன்.
“எரிந்தது கொஞ்சம். மிச்சம் சும்மாவே போனது.
படிக்கு இரண்டு பலகை,
உங்கள் அலுவலகம் காசு தருமா?”

வரைபடத்தில்
நீளத்துக்கு இடமுண்டு, அகலத்துக்கு உண்டு.
ஆழத்துக்கென்று ஒரு கட்டத்தை நானே சேர்த்தேன்.
ஆறரை என்று எழுதினேன்.
அந்த எண்ணை மூன்று கூட்டங்களில் திரும்பத் திரும்பப் படித்தேன்,
கடன் கேட்பவன்போல.
நான்காவது கூட்டத்தில் இயக்குநர் பேனாவை மூடினார்:
சரி, அதை விட்டுவிடலாம்.

அன்று மாலை ஊதாவை அழித்தேன்.
கரும்பச்சை பரவியது.
டேஹெனுக்குச் செய்தி அனுப்பினேன், ஒரு கட்டைவிரல் வந்தது.

ஆனால் பதினான்காயிரம் பதினான்காயிரம்தான்.
மாகாண இலக்கில் ஒரு ஹெக்டேரும் குறையாது.
மறுநாள் அதே ஊதா
வடக்கே நாற்பது கிலோமீட்டர் தள்ளி விழுந்தது,
கோப்பில் ‘கைவிடப்பட்ட ரப்பர்’ என்றிருந்த இடத்தில்.

கைவிட்டது யார்
என்று கோப்பில் இல்லை.
அங்கே யார் வீட்டுக்கு எத்தனை படிகள் என்றும்.

தண்டுகள் என் மேசைக்கடியில் கிடக்கின்றன,
கறுப்பு இன்னும் உலராமல்.